ஹிமாலயன் 450, அட்வென்ச்சர் 390: தில்லி முதல் நூப்ரா வரை ஒன்பது நாள் குறிப்புகள்

முதல் நாள்: தில்லி – மொஹாலி

விடியற்காலை ஐந்து மணிக்குத் தில்லியை விட்டுக் கிளம்பி, பானிபத், கர்னால் வழியாக அம்பாலா வரை தேசிய நெடுஞ்சாலை 44-இல் வந்து, பத்தரை மணிக்கெல்லாம் மொஹாலியில் என் மைத்துனரின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஸ்ரீநகரில் தொடங்கும் இந்தச் சாலை கன்னியாகுமரியில் போய் முடிகிறது; எங்கள் ஊரான திருநெல்வேலியை ஒட்டிச் செல்வதும் இதே சாலைதான். ஊர் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே போகிறோம் என்ற நினைப்பு கர்னால் வரை என்னோடு வந்தது.

என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 மோட்டார் சைக்கிள். 2023 நவம்பரில் வெளிவந்த இந்த வண்டி, 2016-இல் வந்த 411 சிசி ஹிமாலயனின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற அனைத்திலும் புதிதாகச் செய்யப்பட்டது. 452 சிசி ஒற்றை சிலிண்டர், திரவக் குளிர்விப்பு, நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் 40 குதிரைத்திறன், 5,500 சுழற்சியில் 40 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), 17 லிட்டர் டேங்க், பெட்ரோல் நிரம்பிய நிலையில் 196 கிலோ. மைத்துனரிடம் இருப்பது 2021-இல் வாங்கிய கேடிஎம் 390 அட்வென்ச்சர். புதிய 399 சிசி வண்டிக்கு முந்தைய தலைமுறை அது: 373 சிசி, 9,000 சுழற்சியில் 43.5 குதிரைத்திறன், 7,000 சுழற்சியில் 37 நியூட்டன் மீட்டர், 14.5 லிட்டர் டேங்க், 177 கிலோ. ஒரு குதிரைத்திறன் சுமக்க வேண்டிய எடையைக் கணக்கிட்டால், என் வண்டியில் அது 4.9 கிலோ, அவருடையதில் 4.1 கிலோ. காகிதத்தில் வழக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் கடந்த ஓராண்டாக நாங்கள் இருவரும் தொலைபேசியில் நடத்திவரும் வழக்கு முடியவில்லை. "நெடுந்தூரத்துக்கு எடை குறைந்த வண்டிதான் அத்தான். வேகமாகப் போகவும் வேண்டாம், சக்தி கையிருப்பில் இருந்தால் போதும், களைப்பே தெரியாது" என்பது அவர் வாதம். கனமும் நிதானமும் உள்ள வண்டியில்தான் பகல் முழுதும் உட்கார முடியும் என்பது என் வாதம். இருவரும் தத்தம் வண்டியை மட்டுமே ஓட்டிப் பழகிவிட்டுப் பேசுகிறோம் என்பது இருவருக்குமே தெரியும்.

ஆகவே இன்று மாலை ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பயணம் செய்யும் ஒவ்வொரு நாளும் வண்டியை மாற்றிக்கொள்வது. இரண்டிலும் ஒரே எடையுள்ள பைகளைக் கட்டுவது. குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்து ஒவ்வொன்றையும் 18 கிலோவுக்குக் கொண்டு வந்தோம். ஒரே பங்க்கில், டேங்க்கின் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பி, லிட்டரைக் குறித்து வைப்பது. அடுத்தவருடைய வண்டியைப் பற்றி அதை ஓட்டி முடித்த மாலையில் மட்டும் பேசுவது.

இன்றைய ஓட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில், ஆறாம் கியரில், ஹிமாலயன் சாலையில் பதிந்து ஓடுகிறது. லாரிகளைக் கடக்கும்போது பக்கவாட்டில் அறையும் காற்றுக்கு அது அசைவதே இல்லை. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் என் தோள்பட்டை வலிக்கவில்லை.

இரண்டாம் நாள்: மொஹாலி – மணாலி, ஏறத்தாழ 300 கி.மீ.

இன்று கேடிஎம் என் கையில். ஏறி உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே இருக்கையின் உயரம் தெரிந்துவிட்டது. ஹிமாலயனின் இருக்கை 825 மில்லிமீட்டர், இதனுடையது 855. மூன்று சென்டிமீட்டர் என்று எழுதும்போது அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தடி ஆறு அங்குலம் உள்ள எனக்கு, முழுப் பாதமும் தரையில் படுவதற்கும் விரல் நுனி மட்டும் படுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த மூன்று சென்டிமீட்டர்தான்.

கீரத்பூர் வரை சமவெளி. அதற்கப்பால் நேர்சௌக் வரை, பழைய மலைச்சாலையின் வளைவுகளுக்குப் பதிலாகச் சுரங்கங்களும் பாலங்களுமாகப் போடப்பட்ட நான்குவழிச் சாலை. இங்கே கேடிஎம் தன் பிறப்பைக் காட்டியது. கேடிஎம்மின் சாலை வண்டியான ட்யூக் 390-இன் இஞ்சின் இது; 5,000 சுழற்சியைத் தாண்டியதும் வண்டியின் குணமே மாறுகிறது. கிளட்ச்சைத் தொடாமல் கியரை மாற்ற உதவும் குயிக்ஷிஃப்டர், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் பிரேக்கை அளந்து கொடுக்கும் ஏபிஎஸ், முன்னால் 19 அங்குலச் சக்கரம் எல்லாம் சேர்ந்து, ஈரமான வளைவுகளில் எனக்கு இதுவரை இருந்திராத துணிவைத் தந்தன. ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் எளிதில் ஏறிக் கடக்கும். ஆனால் வளைவில் திரும்ப ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தை நான் இதுவரை எல்லா வண்டிகளுக்கும் உரிய இயல்பு என்றே எண்ணியிருந்தேன். இன்று அந்த எண்ணம் போயிற்று.

மண்டியைத் தாண்டிப் பண்டோ நோக்கிப் போகும் பியாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காட்சி மாறியது. மண் சரிவை அகற்றும் வேலை நடந்ததால் சாலை ஒருவழியாகக் குறுகி, லாரிகளின் பின்னால் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். ஏற்றத்தில் நின்று நின்று கிளம்ப வேண்டியிருந்தது. கேடிஎம்மின் சக்தி மேலே இருக்கிறது. கீழே, 3,000 சுழற்சிக்கு உட்பட்ட இடத்தில், ஒவ்வொரு முறையும் கிளட்ச்சைப் பாதி பிடித்து இஞ்சினை உயர்த்தித்தான் கிளப்ப வேண்டும். இடது மணிக்கட்டில் வலி தொடங்கியது. முன்னால் ஹிமாலயனில் போய்க்கொண்டிருந்த மைத்துனர், இரண்டாம் கியரிலிருந்து இறங்காமல், ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்தும் மூடியும் நடைவேகத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய இடது கை பெரும்பாலும் சும்மாவே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான், நாங்கள் ஓராண்டாகத் தவறான எண்ணைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதைவிட, அது எந்தச் சுழற்சியில் வந்து சேர்கிறது என்பதல்லவா கேள்வி?

மணாலியில் பெட்ரோல் நிரப்பினோம். ஹிமாலயனுக்கு 10.3 லிட்டர், கேடிஎம்முக்கு 10.5. வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாம் நாள்: மணாலி – ஜிஸ்பா

குறைந்த தூரம், ஆனால் எரிபொருளைப் பற்றி அதிகம் யோசித்த நாள். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளமானது. மணாலி–லே வழியில் 46 கிலோமீட்டரைக் குறைத்து, ரோத்தாங் கணவாயின் சேற்றிலிருந்து பயணிகளை விடுவித்துவிட்டது. தென்வாயிலில் நுழையும்போது சாரல். வடவாயிலில் வெளியே வந்தால் நீலவானம். மழை மேகங்களை மலைத்தொடர் தடுத்துவிடுவதால் லாஹௌல் மழைமறைவுப் பிரதேசம். குற்றாலச் சாரலுக்கும் அதன் கிழக்கே உள்ள எங்கள் ஊர் வெயிலுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை செய்யும் அதே வேலையை இங்கே பீர் பஞ்சால் செய்கிறது.

சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் தாண்டி என்னும் ஊரில், "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்ற பலகையால் பெயர்பெற்ற பெட்ரோல் பங்க் இருக்கிறது. லேக்குச் சற்று முன்னால் காருவில் ஒரு பங்க் உண்டு என்றாலும், 330 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கையிருப்பு இருந்தே ஆக வேண்டும். மலையில் கீழ் கியரில் ஓட்டினால் லிட்டருக்கு 24 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று குறைத்தே வைத்துக்கொண்டோம். ஹிமாலயனின் 17 லிட்டருக்கு 408 கிலோமீட்டர், கவலையில்லை. கேடிஎம்மின் 14.5 லிட்டருக்கு 348. வழி தவறினாலோ சாலை அடைபட்டுத் திரும்ப நேர்ந்தாலோ போதாது. ஆகவே கேடிஎம்மின் பின்புறம் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கட்டினோம். பெட்ரோலும் கேனுமாக நாலரைக் கிலோ கூடியது. அதுவும் வண்டியின் மிக உயரமான, மிகப் பின்னான இடத்தில். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் ஓட்டுபவரின் முழங்கால்களுக்கிடையே இருக்கிறது. கேனில் இருக்கும் பெட்ரோல் வளைவுதோறும் பின்னாலிருந்து தோளைத் தட்டுகிறது. நெடும்பயண வண்டியைத் தேடுபவர்கள் டேங்க்கின் அளவைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள்: ஜிஸ்பாவில் ஓய்வு

ஜிஸ்பா ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாளை இரவு உறங்கப்போகும் சர்ச்சு 4,290 மீட்டர். உடல் பழகுவதற்காக ஒரு நாள் சும்மா இருந்தோம். தலைவலியோடு கணவாய் ஏறுபவர்களைக் கடந்த முறை பேருந்தில் வந்தபோது பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் வண்டியை ஒப்பிட்டு என்ன பயன்?

ஐந்தாம் நாள்: ஜிஸ்பா – சர்ச்சு

இன்று மீண்டும் கேடிஎம் எனக்கு. காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். பனி உருகி ஓடும் ஓடைகள் இங்கே சாலையின் குறுக்கே பாய்கின்றன. வெயில் ஏற ஏற நீர் பெருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், பிற்பகலில் முழங்காலைத் தொடும்.

ஜிங்ஜிங்பாரைத் தாண்டிய பிறகு ஓர் ஓடை. அடியில் தேங்காயளவு உருண்டைக் கற்கள். மைத்துனர் முதலில் ஹிமாலயனில் இறங்கினார். எழுந்து நின்று, முதல் கியரில், கிளட்ச்சை முழுதாக விட்டுவிட்டு, வண்டியை அதன் போக்கில் விட்டார். அந்த 21 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு கல்லையும் தேடித் தேடி ஏறி இறங்கியது. முன்னாலும் பின்னாலும் 200 மில்லிமீட்டர் அசையும் சஸ்பென்ஷன் அந்த அதிர்வைத் தின்றுவிட்டது. வண்டி மேலும் கீழும் ஆடியதே தவிர, அவர் தலை ஆடவில்லை.

பிறகு நான். கேடிஎம்மின் சஸ்பென்ஷன் முன்னால் 170, பின்னால் 177 மில்லிமீட்டர். தரை இடைவெளி 200, ஹிமாலயனுக்கோ 230. சக்கரம் சுழன்றால் சக்தியைக் குறைத்துவிடும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு இறங்கினேன். பாதி தூரம் வரை நன்றாகவே வந்தது. ஒரு பெரிய கல்லில் முன்சக்கரம் மோதி நின்றதும், இஞ்சின் அணையப் போகிறது என்று பயந்து கிளட்ச்சைப் பிடித்தேன். சக்தி அற்றுப்போன அந்தக் கணத்தில் வண்டி இடப்பக்கம் சாய, காலை நீட்டினால் தரை எட்டவில்லை. நீரில் மெல்லப் படுத்துக்கொண்டது. பிழை முழுக்க என்னுடையது. கிளட்ச்சைத் தொட்டிருக்கக் கூடாது.

மைத்துனர் திரும்பி ஓடிவந்தார். இருவரும் சேர்ந்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்திவிட்டோம். ஆனால் அதன் பிறகு நிமிர்ந்து நிற்பதற்கு ஐந்து நிமிடம் பிடித்தது. 4,500 மீட்டருக்கு மேல் ஒரு முறை குனிந்து எழுந்தாலே மூச்சு இரைக்கும். "என்னதான் சொல்லுங்கள் அத்தான், உங்கள் வண்டி விழுந்திருந்தால் இப்போது இன்னும் இருபது கிலோ தூக்கியிருப்போம்" என்றார் அவர். அடுத்தவருடைய வண்டியைப் பற்றி மாலையில்தான் பேசலாம் என்ற விதியை மீறிவிட்டார். ஆனால் சொன்னது சரி. விழாமல் கடப்பதற்கு ஹிமாலயன் உதவுகிறது. விழுந்த பிறகு எழுப்புவதற்குக் கேடிஎம் உதவுகிறது. துணையில்லாமல் தனியாகப் போகிறவருக்கு இந்த இரண்டில் எது முக்கியம் என்பதை நான் சொல்லிவிட முடியாது. எனக்கு, விழாமல் கடப்பது.

பாகா ஆற்றின் பிறப்பிடமான சூரஜ் தால் ஏரி, அதற்கு மேல் பாராலாச்சா கணவாய், 4,890 மீட்டர். ஏரியின் ஓரத்தில் இன்னும் பனி கிடந்தது. காலணிக்குள் தண்ணீர் இருந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

ஆறாம் நாள்: சர்ச்சு – லே, ஏறத்தாழ 250 கி.மீ.

இந்தப் பயணத்தின் நீண்ட நாள். ஹிமாலயன் என்னிடம் திரும்பி வந்தது.

கட்டா லூப்ஸ் என்னும் 21 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, நக்கீ லா ('லா' என்றால் கணவாய்), பிறகு 5,059 மீட்டர் உயர லாச்சுங் லா. இந்த உயரத்தில் இரண்டு வண்டிகளுக்கும் என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 5,000 மீட்டரைத் தாண்டினால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். இஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வந்து, கலவை கெட்டு, கரும்புகையோடு திணறும். இப்போதைய எரிபொருள் உட்செலுத்து முறை, காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் வண்டி திணறுவதில்லை. ஆனால் இல்லாத காற்றை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது. தோராயமாகப் பார்த்தால் ஹிமாலயனின் 40 குதிரைத்திறன் இங்கே 21 அல்லது 22 ஆகிவிடும், கேடிஎம்மின் 43.5-உம் 23, 24 என்று இறங்கிவிடும். எங்கள் ஓராண்டு வாதத்தின் மூன்றரைக் குதிரைத்திறன் வேறுபாடு, லாச்சுங் லாவில் இரண்டுக்கும் கீழே சுருங்கிப்போயிற்று.

எஞ்சியிருக்கும் அந்தப் பாதி சக்தி எங்கே கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. என் வண்டி 3,500 சுழற்சியில், இரண்டாம் கியரில், சரளை ஏற்றத்தை முனகாமல் ஏறியது. பின்னால் வந்த கேடிஎம்மின் ஒலியை வைத்தே மைத்துனர் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில் அலைவதை அறிய முடிந்தது. இரண்டாம் கியரில் வண்டி தளர்கிறது. முதல் கியரில் 7,000-ஐத் தொட்டால் சரளையில் பின்சக்கரம் வழுக்குகிறது.

பாங் என்னும் இடத்தில் தேநீர் அருந்திவிட்டு மேலேறினால் மோரே சமவெளி. 4,700 மீட்டர் உயரத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு நேர்கோடாக, இருபுறமும் பழுப்பு மலைகள் தள்ளி நிற்க, நல்ல தார்ச்சாலை. இங்கே கேடிஎம் என்னைக் கடந்து போய்ப் புள்ளியாக மறைந்தது. நான் மகிழ்ச்சியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சமவெளியின் நடுவில் என் பின்சக்கரம் தள்ளாடத் தொடங்கியது. ஆணி.

அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ள கேடிஎம்மாக இருந்தால், ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். என் வண்டியில் இருப்பது கம்பிச் சக்கரமும் டியூபும். டியூப் இல்லாத கம்பிச் சக்கரங்கள் இந்த வண்டிக்குப் பிற்பாடு வந்தன. நான் வாங்கியபோது இல்லை. பைகளை இறக்கி, நடு ஸ்டாண்டில் ஏற்றி, அச்சைக் கழற்றி, சக்கரத்தை வெளியே எடுத்து, நெம்புகோல்களால் டயரின் விளிம்பைப் பெயர்த்து, புது டியூபை முறுக்கு விழாமல் உள்ளே வைத்து, கைப்பம்பால் காற்றடித்து முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. ஐம்பது முறை பம்பை அழுத்துவது, ஐந்து நிமிடம் உட்காருவது என்று மாறி மாறிச் செய்தோம். தில்லியில் என் வீட்டு மாடியில் இதே வேலையை இரண்டு முறை பயிற்சி செய்திருந்தேன். முப்பத்தைந்து நிமிடம்தான் பிடித்தது. கம்பிச் சக்கரம் குழியில் விழுந்தால் வளைந்தாலும் வளையும், உடையாது என்று அதை ஆதரித்துப் பேசி வந்தவன் நான். இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் தனியாக வருபவர் இந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தாங்லாங் லாவை, 5,328 மீட்டரை, மாலை ஐந்தரைக்குத் தொட்டோம். காற்று முகத்தை அறுத்தது. பத்து நிமிடம்கூட நிற்காமல் இறங்கி, உப்ஷியில் சிந்து நதியைக் கண்டபோது இருட்டிவிட்டது. உப்ஷியிலிருந்து லே வரையிலான கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி: பதின்மூன்று மணி நேரமாகச் சாலையில் இருந்த உடம்போடு, டயர் மாற்றிய கைகளோடு, ஹிமாலயனில் நான் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. நான்காம் கியரில் போட்டுவிட்டுச் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏழாம் நாள்: லே

வண்டிகளைக் கழுவி, செயின்களைத் துடைத்து எண்ணெயிட்டோம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் இங்கே இயங்குவதில்லை என்பதால், வீட்டுக்குப் பேச என் போஸ்ட்பெய்ட் எண்ணை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

பெட்ரோல் கணக்கு எனக்கு வியப்பைத் தந்தது. தாண்டியிலிருந்து லே வரை 365 கிலோமீட்டருக்கு ஹிமாலயன் 13.6 லிட்டர், கேடிஎம் 13.1 லிட்டர் குடித்திருக்கின்றன. லிட்டருக்கு 26.8, 27.9. ஓயாமல் கியர் மாற்றி, சுழற்சியை உயர்த்தி ஓட்டப்பட்ட வண்டி குறைவாகக் குடித்திருக்கிறது. 19 கிலோ எடைக் குறைவுக்குக் கணவாய் ஏற்றங்களில் இந்தப் பலன் உண்டு என்று மைத்துனர் சொல்கிறார், ஒப்புக்கொண்டேன். கேனைத் திறக்காமலேயே வந்திருக்கலாம். ஆனால் டேங்க்கில் 1.4 லிட்டர் மட்டுமே மிச்சமிருக்கும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் யாரும் கேனை விட்டுவிட்டு வரமாட்டார்.

எட்டாம் நாள்: லே – கர்துங் லா – ஹுண்டர்

கர்துங் லாவின் பலகை 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர் என்கிறது. அளந்து கண்ட உயரம் 5,359 மீட்டர்தான். உலகிலேயே உயரமான வண்டிச்சாலை என்ற பெருமையும் இப்போது இதனிடம் இல்லை. 5,798 மீட்டர் உயரத்தில் உம்லிங் லா இருக்கிறது. ஆனாலும் பலகையின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் வரிசையில் நின்றோம்; எங்களுக்கு முன்னால் நின்ற எழுபது வயதுப் பெரியவரின் முகத்தைப் பார்த்தபோது, மீட்டர் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று.

இன்று நான் கேடிஎம்மில். ஆறாம் நாளன்று மைத்துனர் பட்ட பாட்டை நானும் படுவேன் என்று எதிர்பார்த்துத்தான் ஏறினேன். படவில்லை. காரணம் சாலை. கணவாயின் இருபுறமும் உள்ள வடக்கு புல்லுவுக்கும் தெற்கு புல்லுவுக்கும் இடைப்பட்ட உடைந்த பகுதியைத் தவிர மற்றதெல்லாம் தார். சக்கரம் பற்றிக்கொள்ளும் தரையில் 7,000 சுழற்சி வரை அச்சமின்றிப் போகலாம். குயிக்ஷிஃப்டர் இருப்பதால் கியர் மாற்றுவதும் வேலையாகத் தெரியவில்லை. சரளையில் அதே சுழற்சி வழுக்கலாக மாறுகிறது. அப்படியானால் உயரம் அந்த இஞ்சினைத் தோற்கடிக்கவில்லை. உயரமும் தளர்ந்த தரையும் ஒன்றாக வரும்போதுதான் அது தன் சக்தியைப் பயன்படுத்த முடியாமல் நிற்கிறது. ஆறாம் நாள் குறிப்பை எழுதும்போது இந்த வேறுபாட்டை நான் உணர்ந்திருக்கவில்லை.

இறக்கத்தில், ஷ்யோக் ஆற்றை நோக்கிச் சுழன்று சுழன்று போகும் அந்தச் சாலையில், இந்தப் பயணத்தில் நான் மிக அதிகமாக மகிழ்ந்த ஒரு மணி நேரம் கிடைத்தது. அது கேடிஎம்மின் மேல் கிடைத்தது என்பதை அப்படியே பதிவு செய்கிறேன்.

நூப்ரா பள்ளத்தாக்கிலுள்ள ஹுண்டரில் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் உண்டு. மணலில் வண்டியை இறக்கவில்லை.

ஒன்பதாம் நாள்: மீண்டும் லே

மாலையில் விடுதி முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம். நாளை முதல் கார்கில், சோஜி லா வழியாக ஸ்ரீநகர், அங்கிருந்து சமவெளி. பெரும்பகுதி நல்ல தார்ச்சாலை; சோஜி லாவில் மட்டும் சில கிலோமீட்டர் சேறு.

மைத்துனர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தான், ஸ்ரீநகர் வரை நாள்தோறும் மாற்ற வேண்டாம். நான் ஹிமாலயனிலேயே வருகிறேனே" என்றார். என்ன காரணம் என்று கேட்டேன். ஆறாம் நாள் இரவு லேக்குள் நுழையும்போது, தாம் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றதாகவும், டயர் மாற்றுவதில் பெரும்பங்கைச் செய்த நான் பைகளை அவிழ்த்து மாடிக்குத் தூக்கிப் போனதாகவும் சொன்னார். அதை நான் கவனித்திருக்கவில்லை. வண்டி ஓட்டிய களைப்பைப் பற்றி இருவரும் இவ்வளவு பேசியிருக்கிறோம். அன்றைக்கு யாரிடம் எவ்வளவு தெம்பு மிச்சமிருந்தது என்பதை அவர்தான் பார்த்திருக்கிறார்.

நான் கேடிஎம்மின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கார்கில் போகும் வழியிலுள்ள ஃபோட்டு லாவின் வளைவுகளில் அந்த வண்டியை இன்னொரு முறை ஓட்ட வேண்டும் என்ற ஆசை, கர்துங் லாவிலிருந்து இறங்கிய நேரம் முதல் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் தில்லி வீட்டில் நிற்கப்போவது ஹிமாலயன்தான். அதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. மைத்துனர் தம்முடையதை என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹிமாலயனின் மாற்று டியூபையும் நெம்புகோல்களையும் மட்டும் தம் பைக்கு மாற்றிக்கொண்டு, பின்சக்கரத்தின் அச்சைக் கழற்றும் முறையை என்னிடம் இரண்டு முறை கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். கேன் காலியாகவே வருகிறது.